தங்கையன் ஏறாத கார்

புரட்டாசியில் நடவு முடிந்த மறு வாரம் தங்கையன் அண்ணனை என் சைக்கிள் கேரியரில் ஏற்றிக் குடவாசல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நாலு மைல். வழி நெடுக வைதுகொண்டே வந்தார். தலைவலிக்கெல்லாமா ஆஸ்பத்திரி, சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டால் போகாதா, அவள்தான் சொல்கிறாள் என்றால் உனக்கு எங்கே போயிற்று புத்தி என்று. அவள் என்றது அவர் சம்சாரம் அம்சம் அக்காவை. பதினைந்து நாளாக விடியும்போதே பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று அக்கா என் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

என் பெயர் ரெத்தினம். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். பஞ்சர் ஒட்டிய நேரத்தைவிட மனு எழுதிய நேரம்தான் அதிகம், ஏனென்றால் எங்கள் ஊர்க் குத்தகைதாரர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். எழுபத்து நாலாம் வருஷம் அது. குத்தகைக்காரன் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்து நாலைந்து வருஷம் ஆகியும் ஊரில் பாதிப் பேருக்குப் பெயர் ஏறவில்லை. தங்கையன் அண்ணனுக்கும் ஏறவில்லை. மிராசுதார் தியாகேசனுடைய ஒன்பது மா நிலத்தை, மூன்று ஏக்கர் இருக்கும், முதலில் அண்ணனுடைய தகப்பனார் உழுதார், அப்புறம் அண்ணன் உழுதார். குத்தகை நெல்லைக் களத்திலேயே அளந்துவிடுவது வழக்கம். ரசீது என்ற ஒன்றை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை.

பெயரைப் பதியச் சொல்லி மனுப் போட்டதும் தியாகேசன் பதில் மனுப் போட்டார். தங்கையன் என் குத்தகைக்காரனே இல்லை, கூலியாள், நிலம் என் சொந்தப் பண்ணை என்று. கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கலிலும் அவர் பெயர்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் தாசில்தார் முன்னால் வந்து சாட்சி சொல்லப் பயந்தார்கள், எல்லாருக்கும் எங்கேயாவது ஓரிடத்தில் தியாகேசன் வாய்க்கால் தண்ணீர் வேண்டியிருந்தது. ஆகக்கூடி அண்ணன் கையில் இருந்தது இரண்டுதான். வயலில் நிற்கிற பயிர் ஒன்று. விசாரணையில் அவர் தன் வாயால் சொல்லப்போகிற வார்த்தை ஒன்று. வாய் இருந்தது அவருக்கு, அதைச் சொல்ல வேண்டும். எந்த வருஷம் எந்தத் துண்டில் என்ன நெல் போட்டார், எந்த வெள்ளத்தில் எந்த வரப்பு உடைந்தது என்று நிறுத்தாமல் சொல்லுவார். தாசில்தார் காதில் அது விழுந்தால் போதும், ஜெயித்துவிடலாம் என்று நான் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாவித்திரி. மெலிந்த அம்மாள், அதட்டிப் பேசத் தெரியாது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். அவிழ்த்துவிட்டு மறுபடியும் சுற்றிப் பார்த்தார்.

"மேல இருநூறு, கீழ நூத்திப் பதினஞ்சு. இதை வச்சுக்கிட்டா சேத்துல எறங்கி வேலை பாத்தீங்க?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. பிடரிதான் கொஞ்சம் இழுக்குது" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும். மாத்திரை தர்றேன், தெனம் ஒண்ணு. தலைவலி நின்னுபோச்சுன்னு மாத்திரையை நிறுத்தக் கூடாது. பீடியும் பொகையிலையும் விட்டுடணும். உப்பைக் கொறைக்கணும். கருவாடு, ஊறுகா வாசப்படிக்கு அந்தாண்டையே இருக்கட்டும்."

"உப்பில்லாம கஞ்சி எறங்குமாங்க?"

"பத்து நாள் போனா நாக்கு பழகிடும். இன்னொண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. திடீர்னு ஒரு பக்கத்துக் கை மரத்துப்போனாலும், புடிச்ச சாமான் நழுவி விழுந்தாலும், சிரிக்கிறப்ப வாய் ஒரு பக்கமா எறங்கினாலும், பேச்சு குழறினாலும், போட்டது போட்டபடி கெளம்பி வந்துடணும். அரை மணியில சரியாப் போனாலும் வரணும்."

"சரியாப் போனப்புறம் வந்து ஒங்கக்கிட்ட என்னான்னுங்க சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"மூளைக்குப் போற ரத்தம் ஒரு தடவை அடைச்சுத் தானாத் தொறந்துக்கும். அடுத்த தடவை தொறக்காமப் போயிடும். நல்லா இருக்கிறப்பவே வந்தாத்தான் நாங்க ஏதாவது செய்ய முடியும்."

இவ்வளவும் என் காதில் விழுந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியே இல்லை.

அம்சம் அக்கா அன்றைக்கே உப்பு ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக் காளியம்மாளிடம் கொடுத்துவிட்டாள். குழம்பு இறக்கும்போது இத்தனை கல் என்று எண்ணி வாங்கிவந்து போடுவாள். அண்ணன் சும்மா இருப்பாரா? காலையில் வயலுக்குப் போகிறபோது காளியம்மாள் வீட்டு வாசலில் நின்று, "ஏ காளியம்மா, எங்க வீட்டு உப்பு சௌக்கியமா இருக்கான்னு பாத்துட்டுப் போறேன்" என்பார். மடியில் நாலு கல் முடிந்துகொண்டுதான் போவார். நீராகாரத்தில் போட்டுக் குடித்துவிட்டு நார்த்தங்காயை ஒரு கடி கடிப்பார். நானே பார்த்திருக்கிறேன். "அக்காக்கிட்ட சொல்லிருவேன்ணே" என்றால், "சொல்லு, சங்கத்துலேருந்து விலகிருவேன்" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம்.

மாத்திரையை ஐப்பசி, கார்த்திகை வரை ஒழுங்காகத்தான் தின்றார். தலைவலி விட்டுவிட்டது. மார்கழியில் ஒருநாள் குனிந்து புல்லுக்கட்டைத் தூக்கி நிமிர்ந்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. மாத்திரையால்தான் என்று அவராக முடிவு செய்தார். போய் டாக்டரம்மாவிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தந்திருப்பார். அதற்கு ஒரு நாள் வயலை விட்டுப் போக வேண்டுமே! தியாகேசன் ஆட்கள் கதிர் முற்றட்டும் என்று காத்திருந்தார்கள். கூரைச் செத்தைக்குள் செருகி வைத்திருந்த மாத்திரைகளை அக்கா கண்டுபிடித்தபோது இருபத்திரண்டு இருந்தன.

"இதென்னாங்க இது?"

"விசாரணை முடியட்டும் அம்சம். மொத்தமாத் தின்னுடுறேன்."

"கேலியா ஒங்களுக்கு?"

"கேலி இல்லடி. மாத்திரையைத் தின்னுட்டு வரப்புல விழுந்து கெடந்தேன்னு வையி, அவ்வொ ஆளு வந்து அறுத்துக்கிட்டுப் போயிடுவான். பயிரு வீட்டுக்கு வரட்டும்."

அக்கா என்னிடம் வந்து அழுதாள். "நீங்க சொன்னா கேப்பாரு தம்பி" என்றாள். நான் சொன்னேன், சொல்லாமல் இல்லை. ஆனால் எப்படிச் சொன்னேன்? அறுப்பு முடிந்ததும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். அவர் சொன்னதையே நானும் வேறு மாதிரி சொல்லிவைத்தேன்.

தை பிறந்து பொங்கல் கழிந்தது. ஆற்றில் தண்ணீர் நின்றுவிட்டது. வயலில் மிச்சமிருந்த ஈரத்தை வடித்தால்தான் ஆள் இறங்கி அறுக்க முடியும் என்று ஒரு காலை அண்ணனும் அக்காவும் மடை வெட்டப் போயிருக்கிறார்கள். வெட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மண்வெட்டி நழுவி வாய்க்காலில் விழுந்திருக்கிறது. எடுக்கக் குனிந்தவர் எடுக்காமல் அப்படியே நின்றிருக்கிறார். "என்னாங்க?" என்று அக்கா கேட்டதற்கு அவர் சொன்ன பதில் விளங்கவில்லை. நாக்குத் தடித்தவன் பேச்சு மாதிரி வந்திருக்கிறது.

அக்கா என்ன நினைத்தாள் தெரியுமா? அண்ணனுக்கு அப்போது வாய் நிறைய வெற்றிலை. முந்தின நாள்தான் புதுச் சுண்ணாம்பு தாளித்து வைத்திருந்தாள். சுண்ணாம்பு கூடிப்போய் நாக்கு வெந்துவிட்டது, அதுதான் குழறுகிறது என்று நினைத்தாள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லித் தேங்காய்ச் சில்லைக் கடிக்கக் கொடுத்தாள். கை விறைப்புக்கு, மார்கழி தையில் யாருக்குத்தான் கை விறைக்கவில்லை? சூடு பறக்கத் தேய்த்துவிட்டாள். அரை மணி நேரத்தில் பேச்சு வந்துவிட்டது, கையும் வந்துவிட்டது. அண்ணன் மிச்ச மடையையும் வெட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அன்று சாயந்தரம் அக்கா கடைக்கு வந்தாள். வாசலில் கிடந்த டயரைத் தள்ளி வைத்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தம்பி, அந்த டாக்டரம்மா என்னமோ கை மரத்தா வரச் சொன்னாங்கன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. ஏன்க்கா?"

நடந்ததைச் சொன்னாள். "சுண்ணாம்புதான்னு நெனச்சேன். ஆனா வாயைப் பாத்தேன் தம்பி, வேகல. நாக்குல ஒரு பொட்டு கூடக் கொப்புளம் இல்ல. அதுலேருந்து மனசு அடிச்சுக்குது. நாளைக்கு ஒரு எட்டு கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்துடலாமா?"

டாக்டரம்மா சொன்ன வார்த்தை அப்படியே ஞாபகம் வந்தது. ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. இரண்டு நாளாகத் தியாகேசன் பண்ணையில் வெளியூர் அறுப்பாட்கள் வந்து தங்கியிருந்தார்கள். பயிர் யார் அனுபவத்தில் இருக்கிறதோ அவர்கள் அறுத்துக்கொள்ளட்டும் என்று தாசில்தார் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அண்ணன் பகலெல்லாம் வயலில் நிற்பதுதான் அந்த அனுபவம்.

"இப்ப எப்படி இருக்காருக்கா?"

"நல்லாத்தான் இருக்காரு. மாட்டுக்கு வைக்கோல் போடுறாரு."

"அப்ப இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்குவோம். அறுத்துக் களத்துல சேத்துட்டா அடுத்த பஸ்ஸுல நானே கூட்டிக்கிட்டுப் போறேன். சரியாப் போச்சுல்ல, பயப்படாதீங்க."

என் வாயால் சொன்னேன், சரியாகப் போய்விட்டது என்று. அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படித்தவன் சொல்கிறான் என்று நினைத்திருப்பாள். பாவி, எட்டாம் வகுப்புப் படித்த படிப்பு!

அறுப்புக்குக் குறித்த நாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கெல்லாம் அறுபது பேர் வரப்பில் நின்றோம். பனி இறங்கி எதிர்த் துண்டு தெரியவில்லை. பெண்கள் தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு கருக்கரிவாளும் கையுமாக நின்றார்கள். களத்துப் பக்கம் அடுப்பு மூட்டிக் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மேட்டுச் சாலையில் தியாகேசனின் கார் வந்து நின்றது. அவருக்குப் பின்னால் இருபது ஆள். நடுவில் இரண்டு போலீஸ்காரர்கள் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் பக்கத்தில் முதல் அரியை, அதாவது முதல் பிடிக் கதிரை, சாகுபடிக்காரன்தான் அறுக்க வேண்டும். கிழக்கே பார்த்து நின்று வலது கையால் மூன்று அரி அறுத்து வரப்பில் வைப்பான். அதற்கப்புறம்தான் பெண்கள் இறங்குவார்கள். கேஸ் நடக்கிற வயலில் அது வெறும் சாங்கியம் இல்லை. அறுபது பேரும் போலீசும் பார்க்க முதல் அரியை அறுப்பவன்தான் சாகுபடிக்காரன் என்று ஆகும். இதற்காகத்தான் நான் ஊரைக் கூட்டியிருந்தேன்.

அண்ணன் வாயில் வெற்றிலையோடு வந்தார். துண்டை இடுப்பில் கட்டினார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். கும்பிடும்போது ஒரு கை சரியாக உயரவில்லை என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. குனிந்து இடது கையால் அரிவாளை எடுத்தார்.

"ஐயையே! பீச்சக்கையால எடுக்கிறாரே!" என்று காளியம்மாள் கத்தினாள்.

"மொத அரியாச்சே மாமா, சோத்துக் கையால அறுங்க!"

"நல்ல நாளும் அதுவுமா இப்படியா பண்ணுவாங்க!"

ஆளுக்கு ஒரு பக்கம் சத்தம். அறுபது பேருக்கும் கண் இருந்தது. ஏன் இடது கையால் எடுக்கிறார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. இடது கையால் எடுத்துவிட்டாரே என்பதுதான் எல்லாருக்கும் பெரிதாக இருந்தது. அண்ணன் அரிவாளை வலது கைக்கு மாற்றப் பார்த்தார், அது நழுவிச் சேற்றில் விழுந்தது. எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். வெற்றிலையோடு பேசுகிறார், விளங்கவில்லை என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வலது கடைவாய் வழியாக வெற்றிலைச் சாறு வழிந்து மார்பில் சொட்டியது.

எனக்கு எரிச்சல். சாலையில் தியாகேசன் பார்த்துக்கொண்டிருக்கிறார், போலீஸ் பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்திலா இந்த மனுஷன் தடுமாறுவார் என்று. வயலில் இறங்கினேன். அரிவாளை எடுத்து அவர் வலது கையில் வைத்து, அது நழுவாமல் என் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, மூன்று அரி அறுத்தேன். அந்தக் கை சில்லென்று கனத்தது. கதிரைப் பிடிக்காமல் துவண்டது. பனி என்று நினைத்துக்கொண்டேன். பெண்கள் குலவை போட்டார்கள்.

அப்போதுதான் சாலையிலிருந்து தியாகேசன் சத்தம் போட்டார்.

"ஏய் ரெத்தினம்! அவன் மூஞ்சியப் பாருடா!"

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். எங்கள் ஆட்கள் வரப்பை மறித்தார்கள். அவர் அங்கேயே நின்று கையை நீட்டிக் கத்தினார்.

"வாய் கோணியிருக்குடா. கை விழுந்துபோச்சுடா. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கார்ல ஏத்து, கும்பகோணத்துக்குக் கொண்டுபோவோம். நிக்காத, ஏத்து!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "எதுக்குங்க? ஆளைக் கார்ல ஏத்தி அனுப்பிட்டு நீங்க வயல்ல எறங்குறதுக்கா?"

"நான் வயலைத் தொடலடா. நீங்களே அறுத்துக்கங்க. போலீசு இருக்குல்ல, இவங்க முன்னாடி சொல்றேன். அவனை மட்டும் அனுப்பு."

"போன வருஷம் மருதையனையும் இப்படித்தான பஞ்சாயத்துன்னு கார்ல ஏத்துனீங்க? திரும்பி வந்து பாக்குறப்ப அவன் வயல்ல ஒங்க உழவு மாடு நின்னுதே!"

அது பொய் இல்லை. மருதையனுக்கு அப்படித்தான் நடந்தது. எங்கள் ஆட்கள் ஓவென்று கத்தினார்கள். ஒரு மண்ணாங்கட்டி பறந்துபோய்க் கார்க் கண்ணாடியில் விழுந்தது. தியாகேசன் பின்வாங்கவில்லை. "முட்டாப் பசங்களா, நேரம் போவுதுடா" என்று மட்டும் சொன்னார்.

அம்சம் அக்கா களத்திலிருந்து ஓடிவந்திருந்தாள். அண்ணன் முகத்தைத் தன் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தம்பி, ஏத்திவிட்டுடலாமா?"

"அக்கா, இதுக்குத்தான் அந்த ஆளு காத்துக்கிட்டு இருக்காரு. அண்ணன் வயலை விட்டா எல்லாம் போச்சு. கொஞ்சம் ஒக்காரட்டும். அன்னைக்கு மாதிரி சரியாப் போயிடும்."

அக்கா ஓரடி காரைப் பார்த்து எடுத்து வைத்தாள். பெண்கள் நாலு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கார் திரும்பிப் போயிற்று. நாங்கள் ஜெயித்த மாதிரி கத்தினோம்.

பூவரசு நிழலில் அவரை உட்காரவைத்தோம். அறுப்பு மளமளவென்று நடந்தது. அக்கா பக்கத்தை விட்டு நகரவில்லை, கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை அரை மணியில் சரியாகவில்லை. ஒரு மணியிலும் சரியாகவில்லை. பத்து மணி வாக்கில் மோர் கொடுத்தாள், விழுங்கத் தெரியாமல் புரையேறியது. அவர் அப்படியே வலப்பக்கமாகச் சாய்ந்தார். அக்கா போட்ட கூச்சலில் வயல் முழுக்க அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தது.

அப்புறம் வண்டி தேடினோம். மாட்டு வண்டியில் சாலைக்கு வந்து, பஸ் வராமல், அல்லா பிச்சை ராவுத்தரின் வைக்கோல் லாரியை மறித்து ஏற்றிக் கும்பகோணம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. அங்கே இருந்த டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"காலையில ஆறரைக்குங்க."

"இதுக்கு முன்னாடி எப்பவாவது வந்து போச்சா?"

அக்கா சொன்னாள். மண்வெட்டி விழுந்தது, நாக்குக் குழறியது, எல்லாம்.

"அன்னைக்கு வந்திருக்கணும்மா. அது எச்சரிக்கை. மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டு, அன்னைக்கே வந்திருந்தா இது வராமலே தடுக்கப் பாத்திருக்கலாம்."

"இன்னைக்குக் காலையில ஒடனே வந்திருந்தா?" என்று நான் கேட்டேன். எதற்குக் கேட்டேனோ!

"உறுதியாச் சொல்ல முடியாது. இவ்வளவு சேதாரம் ஆகாம இருந்திருக்கலாம்" என்றார்.

பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துபோயிருந்தன. வயலும் வரப்பும் வெள்ளமும் பேசிக்கொண்டிருந்த அந்த வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. இல்ல. பசிக்குதா என்றால் இல்ல. தட்டை வைத்தால் சாப்பிடுவார். வலிக்குதா என்றால் இல்ல, கண்ணில் நீர் வழியும். நான் போனால் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்ல, இல்ல, இல்ல" என்று என்னமோ நீளமாகச் சொல்லப் பார்ப்பார். தலைக்குள்ளே எல்லாம் இருக்கிறது, எடுக்கிற வழிதான் அடைத்துப் போய்விட்டது என்று டாக்டர் சாவித்திரி சொன்னார். அந்த அம்மாள் பஸ் ஏறி வீட்டுக்கே வந்து பார்த்தார். உப்பு குறைத்த கஞ்சியை அக்கா ஊட்டிக்கொண்டிருந்தாள், மாத்திரையை இப்போது நேரம் தவறாமல் கொடுத்தாள். டாக்டரம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் முகத்தைக் காட்ட முடியாமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்றேன்.

விசாரணையைப் பங்குனிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். அன்று அண்ணனை வண்டியில் படுக்கவைத்துக் குடவாசல் கொண்டுபோனோம். தாசில்தார் நல்ல மனுஷர். அண்ணனைப் பெஞ்சில் உட்காரவைக்கச் சொன்னார். அக்காவின் வாக்குமூலத்தைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நானும் சொன்னேன். வரப்பில் கூட்டமாக நின்ற அறுபது பேரில் தனியாக வந்து சாட்சி சொல்ல ஒருத்தரும் துணியவில்லை. தியாகேசனின் வக்கீல் எழுந்தார்.

"சம்சாரம் சொல்றதும் சங்கத்துக்காரர் சொல்றதும் இருக்கட்டும். மனுதாரர் தங்கையன் எதிர்ல ஒக்காந்திருக்காரு. காது கேக்குது, புத்தி தெளிவா இருக்குன்னு அவங்களே சொல்றாங்க. அவரையே கேட்டுடலாமே."

தாசில்தார் தயங்கினார். அப்புறம் குனிந்து சத்தமாகக் கேட்டார்.

"தங்கையன், இந்த ஒன்பது மாவையும் நீங்க குத்தகைக்குச் சாகுபடி பண்ணீங்களா?"

அண்ணனுக்குக் கேள்வி புரிந்தது. சத்தியமாகப் புரிந்தது, அந்த முகத்தை நான் பார்த்தேன். அவருடைய ஆயுசு முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார். நெற்றி நரம்பு புடைக்க, உதடு துடிக்க, முழு மூச்சையும் கூட்டிச் சொன்னார்.

"இல்ல."

சொன்னதும் அவருக்கே தெரிந்துவிட்டது. தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் முயற்சி செய்தார். "இல்ல! இல்ல!" சத்தம் கூடக்கூட அதே வார்த்தைதான் வந்தது. இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"ஐயா, எழுதாதீங்கய்யா! அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான்யா இருக்கு. என் பேரு அம்சமான்னு கேளுங்க, அதுக்கும் இல்லம்பாரு. கேட்டுப் பாருங்கய்யா!"

தாசில்தார் பேனாவை வைத்துவிட்டுத் தியாகேசனைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். வக்கீல் குனிந்து அவர் காதில் என்னமோ கேட்டார். தியாகேசன் அண்ணனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே தலையை அசைத்தார்.

"மனுதாரர் பதில் பதிவாகட்டும்" என்றார் வக்கீல்.

பதிவானது. மனுவைத் தள்ளிவிட்டதாக உத்தரவு பின்னால் தபாலில் வந்தது. மேல்முறையீடு அது இது என்று நான் நாலு வருஷம் அலைந்தேன். அதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு நடந்த இன்னொன்றைத்தான் சொல்ல வேண்டும்.

வெளியே தியாகேசன் கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார். நான் அண்ணனை மரத்தடியில் தாங்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். அம்சம் அக்கா விறுவிறுவென்று போய் அவர் முன்னால் நின்றாள். சண்டை பிடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சத்தமே போடவில்லை.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளு அம்சம்."

"அறுப்பன்னைக்கு ஏத்து ஏத்துன்னீங்களே. ஆஸ்பத்திரிக்கின்னு நெசமாத்தான் கூப்பிட்டீங்களா? இல்ல, வயலை விட்டுக் கெளப்பவா?"

தியாகேசன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எம் புள்ளைங்க மேல சத்தியமா ஆஸ்பத்திரிக்குத்தான் கூப்பிட்டேன். வாசல்ல கொண்டுபோயி எறக்கியிருப்பேன்."

"அப்படிப்பட்டவங்க, அவரு வாய்ல வர்றது பொய்யின்னு தெரிஞ்சும் இப்ப எழுதிக்கச் சொன்னீங்களே?"

அவர் கார்க் கதவை முழுசாகத் திறந்தார்.

"அது உசுரு. இது நெலம்" என்றார். காரில் ஏறிப் போய்விட்டார்.

அக்கா மரத்தடிக்குத் திரும்பி வந்தாள். அண்ணன் மடியில் விழுந்திருந்த துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்துவிட்டாள். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"கேட்டுட்டேன் தம்பி" என்றாள். "நெசமாத்தான் கூப்பிட்டாராம்."